சிறைக்குள் இருப்பவர்களை எண்ணுகிறோம், வெளியே விடப்பட்டவர்களை எண்ணுகிறோமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைப் புள்ளிவிவர ஆண்டறிக்கையை வெளியிடும்போதெல்லாம் செய்தித்தாள்களில் ஏறக்குறைய ஒரே தலைப்புதான் வரும்: சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி நாட்டில் 1,330 சிறைகள். மொத்தம் 4,36,266 பேருக்கு இடம் உண்டு. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அவர்களில் 4,34,302 பேர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள், 1,33,415 பேர் தண்டனைக் கைதிகள், 4,324 பேர் தடுப்புக் காவல் கைதிகள்.

எண்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இவை எந்தக் கேள்விக்கான பதில் என்பதைக் கவனிக்காமல் படிக்கிறோம். அதைவிட முக்கியமாக, தண்டனை முறையின் பாதி சிறைக்கு வெளியே நடக்கிறது. நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், விடுப்பில் ஊருக்கு வந்து போகும் தண்டனைக் கைதிகள், முன்விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் அந்தப் பாதியில் அடக்கம். அந்தப் பாதியைப் பற்றிப் பொதுவெளியில் நம்மிடம் கணக்கு மிகக் குறைவு. இந்த இரண்டையும் சேலத்தை வைத்துப் பார்த்தால் விளங்கிக்கொள்வது எளிது.

சேலம் மத்திய சிறை 1862-இல் கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளில் ஒன்று. ஏற்காட்டுக்குப் போகிற எல்லோரும் கடக்கும் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. பெண்களுக்குத் தனிச் சிறையும் சேலத்தில் உண்டு. இந்தச் சிறையின் பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்கு நினைவில் வரும் எண் 22. 1950 பிப்ரவரி 11 அன்று இந்த மதிலுக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த கம்யூனிஸ்ட் கைதிகளின் எண்ணிக்கை அது. சிறைக்குள் நடக்கும் மரணத்தை நாடு ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நாளே போதுமான காரணம். 2022-இல் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அவர்களில் 1,773 பேர் நோய், முதுமை போன்ற இயற்கைக் காரணங்களால் இறந்தவர்கள் என்றும், 159 பேர் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் என்றும் அறிக்கை சொல்கிறது. அந்த 159-இல் 119 தற்கொலைகள். இப்படிப் பிரித்து எழுதிவைக்கும் பழக்கம் உள்ளே இருப்பவர்களைப் பொறுத்தவரை ஓரளவு வேரூன்றிவிட்டது.

முதலில் அந்த நான்கில் மூன்று.

ஆண்டறிக்கையின் முக்கிய எண்கள் எல்லாம் டிசம்பர் 31 அன்று எடுக்கப்பட்ட கணக்கு. அன்றைக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்பது மட்டும்தான் அதில் தெரியும். ஆண்டு முழுக்க எத்தனை பேர் உள்ளே போய் வந்தார்கள் என்பது வேறு கணக்கு. 2021-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு முடிவில் சிறைகளில் இருந்தவர்கள் 5,54,034 பேர். அதே ஆண்டில் சிறைக்குள் அனுமதிக்கப்பட்டவர்களோ 18 லட்சத்துக்கும் மேல். அதாவது சிறை வாசலைத் தாண்டிய பெரும்பாலோர் அந்த ஆண்டுக் கடைசி நாள் கணக்கில் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் அறையில் இரண்டு பேருக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் ஒருவரே ஆண்டு முழுக்க இருக்கிறார். இன்னோர் இடத்தில் பதினைந்து நாளுக்கு ஒருவராக இருபத்து நான்கு பேர் வந்து போகிறார்கள். டிசம்பர் 31 அன்று எண்ணினால் இரண்டு பேர், அதில் பாதி நீண்டகாலக் கைதி. ஆண்டு முழுக்க எண்ணினால் இருபத்தைந்து பேர், அதில் இருபத்து நான்கு பேர் குறுகிய காலம் இருந்தவர்கள். இரண்டு கணக்குமே சரி. ஆனால் முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கொள்கை வகுத்தால் அந்த இருபத்து நான்கு பேரும் கண்ணுக்கே தெரியமாட்டார்கள்.

ஐந்தாண்டுக்கு மேல் தீர்ப்பில்லாமல் உள்ளே கிடப்பவர்கள் 2021 முடிவில் நாடெங்கும் 11 ஆயிரத்துக்கும் மேல். அது தனிக் கொடுமை, அதைக் குறைத்துச் சொல்ல எந்த நியாயமும் கிடையாது. ஆனால் சேலம் மாதிரி ஊரில் சாதாரணக் குடும்பங்களுக்குத் தெரிந்த சிறை வேறு. “ரிமாண்ட் ஆகி பதினஞ்சு நாள் உள்ள இருந்தான், அப்புறம் பெயில் கெடச்சுது” என்று சொல்லும் குடும்பங்கள்தான் அதிகம். அந்தப் பதினைந்து நாளில் போகும் வேலை, வாங்கும் வட்டிக் கடன், தெருவில் ஒட்டிக்கொள்ளும் பெயர் இவற்றுக்கு எந்த அட்டவணையும் இல்லை.

இரண்டாவது, விழுக்காடு. 2019 முடிவில் விசாரணைக் கைதிகள் 69 விழுக்காடு. அடுத்த ஆண்டே 76 விழுக்காடு. ஒரே ஆண்டில் ஏழு புள்ளி ஏறியது எப்படி? கைதுகள் கூடியது மட்டும்தான் காரணம் என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். எண்களை அருகருகே வைத்தால் வேறு கதையும் தெரிகிறது. விசாரணைக் கைதிகள் 3,30,487-இலிருந்து 3,71,848 ஆனார்கள், ஏறத்தாழ நாற்பத்தொரு ஆயிரம் கூடுதல். அதே நேரத்தில் தண்டனைக் கைதிகள் 1,44,125-இலிருந்து 1,12,589 ஆகக் குறைந்தார்கள், முப்பத்தோராயிரத்துக்கும் மேல். கொரோனாவில் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. தீர்ப்பு வரவில்லை. தீர்ப்பு வந்தால் ஒருவர் விசாரணைக் கைதி என்ற பட்டியலிலிருந்து தண்டனைக் கைதி என்ற பட்டியலுக்கு மாறுவார், அல்லது விடுதலையாகி வெளியே போவார். இரண்டும் நின்றுபோனது. தண்டனைக் கைதிகள் பலர் நெரிசலைக் குறைக்க விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஆக அந்த விழுக்காட்டின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேர்ந்தே நகர்ந்தன.

இதையே உலக ஒப்பீட்டிலும் மறக்கக் கூடாது. மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை பேர் சிறையில் என்று பார்த்தால் இந்தியா ஏறத்தாழ 40, அமெரிக்கா 500-க்கும் மேல். நம் சிறைகளில் ஆட்கள் குறைவு, ஆனால் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அங்கே ஆட்கள் ஏராளம், பெரும்பாலோர் தீர்ப்புப் பெற்றவர்கள். எந்த முறை மேல் என்று ஒரே ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் படம் இன்னும் மாறுகிறது. தேசிய அளவில் 131 என்றால் இங்கே நிரம்பல் விகிதம் 100-க்குக் கீழே. நெரிசல் பற்றி வட மாநிலங்களில் இருந்து வரும் செய்திகளைப் படித்துவிட்டு நம் சிறைகளும் அப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் பெருமைப்படுவதற்கு முன் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். இந்தியா முழுக்கத் தடுப்புக் காவலில் இருந்த 4,324 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம், எல்லோரும் குண்டாஸ் என்று சொல்வது, அதன் பலன் இது. மாநகரக் காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ உத்தரவிட்டால் ஓராண்டு வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே ரிமாண்டில் உள்ளே இருப்பவர் மீதுதான் குண்டாஸ் பாயும். ஜாமீன் கிடைத்துவிடும் என்ற நிலை வரும்போது அந்த உத்தரவு சிறைக்குள்ளேயே அவர் கைக்கு வந்து சேரும். சேலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது “குண்டர் சட்டத்தில் கைது” என்ற செய்தியைப் படிக்கிறோம். அந்த உத்தரவு பின்னால், இத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ நின்றதா, விழுந்ததா என்ற செய்தி வருவதில்லை. என் பார்வையில், தமிழ்நாட்டுச் சிறைக் கணக்கில் மிகவும் கேள்வி கேட்கப்பட வேண்டிய எண் இதுதான். நெரிசல் அடுத்தபடிதான்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இன்னொரு கூட்டம். இதைப் புரிந்துகொள்ளச் சேர்வராயன் மலையைத்தான் பார்க்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துப் பிழைக்கும் ஒருவர், சண்டை வழக்கிலோ சாராய வழக்கிலோ பிடிபட்டுச் சேலம் சிறைக்கு வருகிறார் என்று கொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி முப்பது கிலோமீட்டர் தள்ளி நீதிமன்றம். பத்து நாளில் ஜாமீன் உத்தரவாகிவிடுகிறது. அதில் ஒரு வரி: இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன். வக்கீல் குமாஸ்தா அவர் மனைவியிடம் சொல்வது இப்படி இருக்கும்: “ரெண்டு பேரும் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துக்கிட்டு நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்துருங்கம்மா. ஒருத்தர் வராட்டியும் வேலை ஆகாதுங்க.”

ஒரு ஜாமீன்தாரர் அண்ணனோ மச்சானோ கிடைத்துவிடுவார். இரண்டாமவர்தான் சிக்கல். மலைக் கிராமத்தில் பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரில் இருக்கும். வீட்டு வரி ரசீது இருக்காது, அல்லது பெயர் ஒத்துப்போகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க ஒரு நாள் போகும். வருகிறவருக்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்தாக வேண்டும். மாஜிஸ்திரேட் அன்று விடுப்பு என்றால் மறுநாளும் அதே செலவு. எல்லாம் கூடி வந்து விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேரும்போது மாலை லாக்கப் நேரம் தாண்டிவிட்டால், மறுநாள் காலைதான் கதவு திறக்கும். கல்வராயன் மலையில் கருமந்துறைப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு இந்தத் தூரமும் செலவும் இன்னும் கூடும். இப்படிக் கழியும் ஒவ்வொரு நாளும் புள்ளிவிவரத்தில் “விசாரணைக் கைதி” என்றே பதிவாகிறது. வழக்கு இழுப்பதால் உள்ளே இருப்பவருக்கும் இரண்டாவது ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவருக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை ஒன்றுமில்லை. 1978-இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி ஜாமீனை ஏற்க மறுத்தார் மாஜிஸ்திரேட். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஏழைக்கு எட்டாத ஜாமீன் கேட்பது சுதந்திரத்தை மறுப்பதுதான் என்ற பொருளில் எழுதினார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாக இறங்கி வந்தது. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் தண்டனைக் காலம் முடிந்தும் உள்ளே இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே கட்டலாம் என்றது அப்போதைய விதி. நல்ல திட்டம்தான். ஆனால் நம் மலைக்காரருக்கு இல்லாதது ரொக்கம் மட்டும் இல்லை. அவருக்காகக் கையெழுத்துப் போடத் தகுதியான ஆள் இல்லை. அதை இந்தத் திட்டத்தின் பணம் வாங்கித் தராது. ஜாமீன்தாரரே இல்லாமல் சொந்தப் பிணையில் விடுவதற்கு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

இனி, அந்தக் கணக்கில்லாத பாதி.

நன்னடத்தையின் பேரில் விடுவித்தல் என்ற ஏற்பாடு 1841-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியிடமிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் தன் பொறுப்பில் விடச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்டார். சில வாரம் கழித்துத் திருந்திய ஆளாக அவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். பிறகு சாகும்வரை இதையே செய்தார். நம்மூருக்கும் இது அண்மையில் வந்த விஷயம் கிடையாது. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் வந்தது.

அந்தச் சட்டம் சொல்வது எளிமையானது. குற்றம் நிரூபணமான பிறகும், அது மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், அந்த ஆளின் குணம், சூழ்நிலை எல்லாம் பார்த்து, மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்கு ஒழுங்காக இருப்பேன் என்ற பிணைப் பத்திரத்தின் பேரில் நீதிமன்றம் விட்டுவிடலாம். சிறு திருட்டு போன்றவற்றில் முதல் முறை என்றால் எச்சரித்தும் அனுப்பலாம். 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சட்டம் ஒரு படி மேலே போகிறது. அவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் ஏன் அனுப்புகிறோம் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கையில்தான் உயிர் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பையனின் ஊருக்குப் போக வேண்டும். அம்மா என்ன வேலை, அப்பா குடிப்பாரா, பள்ளியை எந்த வகுப்பில் விட்டான், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், வெளியே விட்டால் எந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்குப் போகும் பதினெட்டு வயதுப் பையன் ஒரு செல்போன் திருட்டில் மாட்டினால், அவன் திரும்பப் பட்டறைக்குப் போவதா, சிறைக்குப் போய்ப் பழகிய கைதிகளோடு பிளாக்கில் படுப்பதா என்பதை அந்த நாலு பக்கக் காகிதம் தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு சிறைத் துறையின் கீழேயே இயங்குகிறது. ஒரே அலுவலர்தான் தண்டனைக்கு முந்தைய விசாரணை, விடுப்பு கேட்கும் கைதிகளின் வீட்டு விசாரணை, முன்விடுதலை விசாரணை, விடப்பட்டவர்களின் மேற்பார்வை எல்லாம் பார்க்கிறார்.

(செய்திகளில் “நன்னடத்தைப் பிணையை மீறிய ரவுடிக்குச் சிறை” என்று வருகிறதே, அது இது இல்லை. அது குற்றம் நிரூபணமாகாத நிலையிலேயே காவல் துறையின் பரிந்துரையில் நிர்வாக நடுவர் எழுதி வாங்கும் உறுதிமொழி. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.)

அமெரிக்காவில் 2022 முடிவில் சுமார் 30 லட்சம் பேர் இப்படி நீதிமன்ற மேற்பார்வையில் வீட்டில் இருந்தார்கள். பரோலில் இருந்தவர்கள் சுமார் 7 லட்சம். சிறைகளில் இருந்தவர்கள் 18 லட்சத்துக்குச் சற்று மேல். அங்கே உள்ள நீதித் துறைப் புள்ளிவிவர அமைப்பு இந்த மூன்றையும் ஆண்டுதோறும் எண்ணி, எத்தனை பேர் காலத்தை முடித்தார்கள், எத்தனை பேர் மீறினார்கள், மீறியவர்கள் எங்கே போனார்கள் என்று வெளியிடுகிறது. எண்ணுவதால் ஒரு கசப்பான உண்மையும் அங்கே வெளியே வந்தது. நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனதில், புதிதாகக் குற்றம் எதுவும் செய்யாமல், அலுவலரைப் பார்க்கத் தவறியது போன்ற மீறல்களுக்காகவே கணிசமானோர் சிறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சீர்திருத்தம் கேட்பவர்கள் கையில் இன்று இருக்கும் வலுவான ஆயுதமே அந்தப் புள்ளிவிவரம்தான்.

நம் ஆண்டறிக்கையின் பெயரே சிறைப் புள்ளிவிவரம். சிறைக்கே போகாதவர்களுக்கு அதில் தனி அத்தியாயம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சேலம் மாவட்டத்தில் ஓராண்டில் 21 வயதுக்கு உட்பட்ட எத்தனை பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு அலுவலரின் அறிக்கை கேட்கப்பட்டது, எத்தனை பேர் நன்னடத்தையில் விடப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் பிணைக் காலத்தை ஒழுங்காக முடித்தார்கள் என்று ஒரு குடிமகன் எடுத்துப் பார்க்கும்படி எங்கும் அச்சாவதில்லை. இந்த நான்கு எண்ணும் இல்லாமல், இந்தச் சட்டம் நம் ஊரில் உயிரோடு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த முதல் முறைத் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால், அவதூறு வழக்கில், இன்னும் சில குற்றங்களில் இதை விதிக்கலாம். அதற்கும் கணக்கு வேண்டும். முதல் ஆண்டிலிருந்தே எண்ணத் தொடங்கினால்தான் பின்னால் பயன் தெரியும்.

பரோல் விஷயத்தில் ஒப்பீடு இன்னும் வழுக்கும். அமெரிக்காவில் பரோல் என்றால் தண்டனையின் மீதிக் காலத்தை வெளியே மேற்பார்வையில் கழிக்க வீடு திரும்புவது. நம்மூரில் அது ஊருக்கு வந்து போவது. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் இவர்களில் ஒருவர் இறந்தாலோ உயிருக்குப் போராடினாலோ, வீட்டில் கல்யாணம் என்றாலோ அவசர விடுப்பு. மூன்றாண்டு சிறைவாசம் முடித்தவர் சாதாரண விடுப்புக் கேட்கலாம். குடும்பத்தின் பிழைப்புக்கு வழி செய்ய, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீட்டைப் பழுதுபார்க்க, விதைப்பு அறுப்பு வேலைக்கு என்று விதியே காரணங்களைச் சொல்கிறது. கூரை மாற்றவும் அறுப்புக்கும் கைதியை ஊருக்கு அனுப்பலாம் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருந்தது.

நடைமுறையில் சாவு வீட்டுக்கு வரும் கைதியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. வேனில் வழிக்காவல் போலீசாரோடு வந்து இறங்குவார். கொள்ளி வைக்கும்வரை இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்பார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது கேட்ட விடுப்பு மனு மேசையில் இருந்திருக்கும். போலீஸ் அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, மேலதிகாரி உத்தரவு என்று மூன்று இடம் போய்வர வேண்டுமே. அதற்குள் பலர் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு விடுப்பு வாங்குகிறார்கள். வக்கீல் வைக்க வசதி உள்ளவர்களுக்கு அந்த வழி திறக்கிறது.

பொதுமக்களுக்குப் பரோல் என்றால் நினைவுக்கு வருவது ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளைப் பற்றி வந்த செய்திகளும், தப்பி ஓடிய ஆட்களைப் பற்றிய செய்திகளும்தான். விடுப்பில் போனவர்கள் எத்தனை, திரும்பாதவர்கள் எத்தனை என்பதற்கு ஆண்டறிக்கையில் அட்டவணை உண்டு. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை மனு நிராகரிக்கப்பட்டது, முடிவு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று, சாவுக்குப் பிறகு வந்த உத்தரவுகள் எத்தனை என்பதற்கு இல்லை. அதிகாரியின் பயத்தை அளக்கும் எண் இருக்கிறது. கைதியின் உரிமையை அளக்கும் எண் இல்லை.

முன்விடுதலை தனி. ஆயுள் தண்டனை பெற்றவர்களை ஆலோசனைக் கழகம் பார்த்துப் பரிந்துரைப்பது ஒரு வழி. தலைவர்களின் பிறந்த நாளை ஒட்டி அரசு மொத்தமாக விடுவிப்பது இன்னொரு வழி. 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் தமிழ்நாட்டில் விடுதலையானார்கள். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டிலும் அப்படி நடந்தது. இப்படி விடுதலை நடந்த ஆண்டில் சிறை எண்ணிக்கை சட்டென்று இறங்கினால் அதைக் குற்றம் குறைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் மீண்டும் குற்றத்தில் ஈடுபட்டார்கள் என்று தொடர்ந்து பார்த்துப் பொதுவில் வைத்திருந்தால், அண்ணா பிறந்த நாளான ஒவ்வொரு செப்டம்பர் 15-க்கும் கட்சிக்காரர்கள் மோதிக்கொள்ளாமல் பேச ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

உள்ளே யாருக்காவது சொந்தக்காரர் இருந்தால் இப்போது கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436-ஏ பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடச் சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழித்ததுமே பிணையில் விடச் சொல்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஆக ஓராண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது பழைய வழக்குகளில் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை, குடும்பம் வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஏழைப் பையன் ஒருவன் மீது சிறு வழக்குகள் மூன்று நான்கு தொங்குவது நம்மூரில் மிகச் சாதாரணம். யாருக்காக இந்தப் பிரிவு எழுதப்பட்டதோ அவர்களில் பலரை அந்த ஒரு வரி வெளியே தள்ளிவிடுகிறது. 479-இன் கீழ் சேலம் சிறையிலிருந்து எத்தனை விண்ணப்பம் போனது, எத்தனை இந்த வரியால் விழுந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இரண்டாவது ஜாமீன்தாரர் கிடைக்காமல் தவிக்கும் குடும்பம் சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போகலாம். கட்டணம் எதுவும் இல்லை. மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசி, கைதியின் பெயர், வழக்கு எண், ஜாமீன் உத்தரவான தேதி மூன்றையும் சொல்ல வேண்டும். உத்தரவாகி ஏழு நாள் தாண்டியிருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள்.